எம்-பெசா: கென்யாவில் கைபேசிப் பணத்தின் வரலாறு

எம்-பெசா என்பது கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவில் 2007 ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று தொடங்கப்பட்ட கைபேசிவழிப் பணச் சேவை ஆகும். சஃபாரிகாம் என்னும் கைபேசி நிறுவனம் இதனை நடத்துகிறது. வங்கிக் கணக்கு இல்லாத ஒருவர் தம் கைபேசி எண்ணையே கணக்கு எண்ணாகக் கொண்டு பணத்தைச் செலுத்தவும், அனுப்பவும், எடுக்கவும் இது வழி செய்தது. பெயரில் உள்ள 'எம்' மொபைலைக் குறிக்கும். 'பெசா' என்பது பணத்துக்கான சுவாகிலிச் சொல். நாம் அறிந்த 'பைசா'வின் வழிவந்தது. பிரித்தானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1920 வரை இந்திய ரூபாயே செலாவணியில் இருந்தது என்பதை நினைவில் கொண்டால் இந்தச் சொல் அங்கு நிலைத்ததில் வியப்பில்லை.

வளரும் நாடுகளில் கைபேசி வங்கியை வீழ்த்திவிட்டது என்பதற்கு எம்-பெசாவையே பலரும் சான்று காட்டுவர். வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் அந்தக் கூற்று பாதிதான் பொருந்துகிறது. மக்கள் செலுத்திய பணம் முதல் நாளிலிருந்தே ஒரு வங்கியில்தான் இருந்தது. வீழ்ந்தது வங்கிக் கிளை. கிளையின் கதவும், அதற்குள் நுழையக் கேட்கப்பட்ட தகுதிகளும் தேவையற்றுப் போயின.

பணம் ஊர் போய்ச் சேர்ந்த வழி

கென்யாவில் ஆண் நகரத்தில் வேலை பார்ப்பதும், மனைவி மக்கள் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்வதும் காலனிய ஆட்சிக் காலத்திலிருந்து தொடரும் வாழ்க்கை முறை. நைரோபியில் காவலாளியாகவோ கட்டடத் தொழிலாளியாகவோ இருப்பவர் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். அஞ்சலகம் வழியே அனுப்பலாம். ஆனால் பணம் எடுக்கப் போகும் நாளில் அங்கே ரொக்கம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே பலர் ஊருக்குப் போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பினர், அல்லது பேருந்து ஓட்டுநரிடமும், 'மத்தாத்து' எனப்படும் சிற்றுந்து நடத்துநரிடமும் உறையில் போட்டுக் கொடுத்தனர். வழியில் கொள்ளை போவதும் உறை இளைத்துப் போய்ச் சேர்வதும் உண்டு. இவை எதிலும் நம்பிக்கை இல்லாதவர் தாமே பேருந்து ஏறினார். அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி பயணச் சீட்டுக்கே போயிற்று.

வங்கிகள் இந்த மக்களைத் தேடி வரவில்லை. பெரிய பன்னாட்டு வங்கிகள் கணக்கில் வைக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பை உயர்த்தி, சிற்றூர்க் கிளைகளை மூடிக்கொண்டிருந்தன. 2006 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று, வயதுவந்தோரில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரே முறைசார்ந்த நிதிச் சேவை எதையேனும் பயன்படுத்துவதாகக் காட்டியது. எல்லா வங்கிகளையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. 1984 இல் வீட்டுக்கடன் சங்கமாகத் தொடங்கி 2004 இன் இறுதியில் வங்கியான ஈக்விட்டி வங்கி, குறைந்தபட்ச இருப்பு கேட்காமல் ஏழைகளுக்குக் கணக்குத் திறந்து வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஏழையின் கணக்கும் இலாபம் தரும் என்று கைபேசி நிறுவனத்துக்கு முன்பே காட்டியது அந்த வங்கிதான்.

தீக்காவில் நடந்த சோதனை

எம்-பெசா பணம் அனுப்புவதற்காக உருவாக்கப்பட்டதன்று. சஃபாரிகாமின் பெரும் பங்குதாரரான பிரித்தானிய வோடஃபோன் நிறுவனத்தில் பணியாற்றிய நிக் ஹியூஸ், சிறுகடன் பெற்றவர்கள் தவணையைக் கைபேசி வழியே திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு ஒன்றை முன்மொழிந்தார். பிரித்தானிய அரசின் பன்னாட்டு வளர்ச்சித் துறை ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு மானியம் வழங்கியது. வோடஃபோனும் தன் பங்கைப் போட்டது. சூசி லோனி என்பவர் கென்யாவுக்கு வந்து பணியை நடத்தினார். ஃபாவுலு கென்யா என்ற சிறுகடன் நிறுவனமும் கமர்சியல் பேங்க் ஆஃப் ஆப்பிரிக்கா என்ற வங்கியும் கூட்டுச் சேர்ந்தன.

2005 ஆம் ஆண்டு அக்டோபரில் நைரோபியிலும் அதன் வடகிழக்கே உள்ள தீக்கா நகரிலும் சோதனை தொடங்கியது. எட்டு முகவர்கள், 500 பேருக்கும் குறைவான வாடிக்கையாளர்கள். அவர்கள் தவணை கட்டினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. தமக்கு ஒரு வேலை செய்து கொடுத்தவரின் கடன் தவணையைத் தாம் கட்டி அதையே கூலியாக்கினார்கள். வங்கி மூடிய பிறகும் முகவரின் கடை திறந்திருந்ததால், வணிகர்கள் அன்றைய வசூலை இரவில் வைத்திருக்கும் பெட்டகமாக அதைக் கையாண்டார்கள். பயணம் போகிறவர் புறப்படும் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார். ஒரு பெண், வழிப்பறியில் எல்லாவற்றையும் இழந்து நின்ற கணவருக்குப் பேருந்துக் கட்டணத்தைக் கைபேசியில் அனுப்பி வீட்டுக்கு வரவழைத்தார்.

மறுபுறம், காகிதப் பேரேடுகளில் கணக்கு வைத்திருந்த சிறுகடன் நிறுவனத்துக்குக் கைபேசிக் கணக்கோடு அவற்றை ஒத்துப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. சிறுகடன் குழுவின் வாராந்தரக் கூட்டத்துக்கு வருவோரும் குறைந்தனர். பணத்தைக் கைபேசியில் கட்டிவிட்டால் கூட்டத்துக்கு எதற்குப் போக வேண்டும்? நிறுவனம் தவணைத் திட்டத்தை விட்டுவிட்டு, மக்கள் தாமாகக் கண்டுபிடித்த பயனையே எடுத்துக்கொண்டது. 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒற்றை வரி விளம்பரத்தோடு 2007 மார்ச்சில் சேவை நாடெங்கும் வந்தது. முதல் மாதத்திலேயே 20,000 பேருக்கு மேல் பதிந்தனர். ஆண்டு முடிவதற்குள் 10 லட்சத்தைத் தாண்டியது.

பெட்டிக்கடையும் பொறுப்பாட்சிக் கணக்கும்

ஊருக்கு 1,000 ஷில்லிங் அனுப்ப விரும்பும் நைரோபித் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். தெருமுனையில் சோப்பும் மாவும் கைபேசி அட்டையும் விற்கும் கடைக்காரர்தான் எம்-பெசா முகவர். தொழிலாளி தம் அடையாள அட்டையைக் காட்டி 1,000 ஷில்லிங் ரொக்கத்தைக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். கடைக்காரர் தம் கைபேசிக் கணக்கில் உள்ள மின்பணத்தில் 1,000 ஷில்லிங்கைத் தொழிலாளியின் எண்ணுக்கு மாற்றுகிறார். இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. தொழிலாளி சிம் அட்டையிலேயே பதிக்கப்பட்டுள்ள பட்டியலைத் திறந்து, மனைவியின் எண், தொகை, தம் இரகசிய எண் ஆகியவற்றைத் தட்டுகிறார். சில நொடிகளில் ஊரில் மனைவியின் கைபேசி ஒலிக்கிறது. அவர் ஊர்க்கடைக்குப் போய் மின்பணத்தைக் கடைக்காரருக்கு மாற்றி ரொக்கம் பெறுகிறார். இதற்கு இணையமோ விலையுயர்ந்த கைபேசியோ தேவையில்லை. தொடக்கத்தில் பணத்தைச் செலுத்தக் கட்டணம் இல்லை. பதிவுசெய்த ஒருவருக்கு அனுப்ப 30 ஷில்லிங், சிறு தொகையை எடுக்க 25 ஷில்லிங். கடைக்காரருக்கு இரு முனையிலும் தரகு உண்டு.

இதில் புதிய பணம் ஒரு ஷில்லிங் கூட உருவாவதில்லை. முகவராகச் சேர்பவர் முதலில் வங்கியில் உண்மைப் பணத்தைக் கட்டி அதே அளவு மின்பணத்தைப் பெற வேண்டும். எல்லா வாடிக்கையாளருடைய மின்பணத்துக்கும் ஈடான தொகை, தனியான பொறுப்பாட்சி நிறுவனம் ஒன்றின் பெயரில் வங்கிக் கணக்கில் கிடக்கும். சஃபாரிகாம் அதைத் தொட முடியாது. நிறுவனம் நொடித்துப் போனாலும் கடன்காரர்கள் அதைக் கோர முடியாது. அந்தத் தொகைக்கு வரும் வட்டியும் நிறுவனத்துக்குச் சேராமல் அறப்பணிக்குப் போகிறது. உரிய வாடிக்கையாளருக்கும் அது போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கைபேசியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவது முகவரின் இக்கட்டு. பணம் நகரத்திலிருந்து ஊருக்கே பாய்கிறது. நகரக் கடையில் எல்லோரும் ரொக்கத்தைக் கொண்டு வந்து கொட்டுவதால் அவருக்கு மின்பணம் தீர்ந்துவிடும். ஊர்க்கடையில் எல்லோரும் எடுக்க வருவதால் அவருக்கு ரொக்கம் தீர்ந்துவிடும். ஊர்க்கடைக்காரர் கல்லாவை நிரப்ப, வங்கியுள்ள நகரத்துக்குப் பேருந்தில் போய்ப் பணப்பையோடு திரும்ப வேண்டும். அவருடைய வாடிக்கையாளருக்கு மிச்சமான பயணத்தையும் கொள்ளை அச்சத்தையும் அவர் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். பல முகவர்களுக்கு இருமுனையிலும் பணத்தை ஈடுசெய்து கொடுக்கும் பெருமுகவர்கள் தோன்றிய பிறகே இந்தச் சிக்கல் ஓரளவு தணிந்தது.

2008: கலவரமும் தணிக்கையும்

2007 டிசம்பர் 27 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முடிவு நாட்டை இனக் கலவரத்தில் தள்ளியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பல லட்சம் பேர் வீடு வாசலை இழந்தனர். சாலைகள் மறிக்கப்பட்டன. கடைகளும் வங்கிகளும் மூடிக் கிடந்தன. நைரோபியின் கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளில் சிக்கியவர்களுக்கு வெளியிலிருந்த உறவினர் எம்-பெசா வழியாகப் பணமும், பேசுவதற்கான நேரத்தொகையும் அனுப்பினர். வங்கிகளை இன்ன இனத்தாருடையது என்று பிரித்துப் பார்த்த காலத்தில், இந்தச் சேவை பொதுவானதாகத் தோன்றியது. பிறக்கும்போதே இப்படியொரு சோதனையைத் தாங்கியதால் மக்களின் நம்பிக்கை உறுதிப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில் வேறொரு சோதனை வந்தது. அப்போதைய பொறுப்பு நிதியமைச்சர் ஜான் மிச்சுக்கி, எம்-பெசாவைத் தணிக்கை செய்யுமாறு மத்திய வங்கிக்கு உத்தரவிட்டார். பெரிய வங்கிகளின் அழுத்தமே இதற்குப் பின்னணி என்று பரவலாகப் பேசப்பட்டது. வங்கிகள் எழுப்பிய கேள்வியை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. உரிமம் பெறாத ஒரு நிறுவனம் லட்சக்கணக்கானோரிடம் பணம் வாங்கி வைத்திருக்கலாமா என்பது எந்த நாட்டிலும் கேட்கப்பட வேண்டியதே.

மத்திய வங்கியின் விடை எளியது. மக்களிடம் வைப்புத்தொகை பெற்று அதைக் கடன் கொடுத்துத் தொழில் செய்தால்தான் சட்டப்படி அது வங்கித் தொழில். சஃபாரிகாம் அந்தப் பணத்தைக் கடன் கொடுக்கவில்லை. ஆகவே அது வங்கியன்று. இந்த அடிப்படையில்தான் தொடக்கத்திற்கு முன்பே மத்திய வங்கி ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்திருந்தது. தணிக்கைக்குப் பின் 2009 சனவரியில் அதே நிலைப்பாடு மீண்டும் அறிவிக்கப்பட்டது. நிகழ்ச்சி முந்தியது, சட்டம் பிந்தியது: தேசியக் கொடுப்பனவுச் சட்டம் 2011 இல்தான் நிறைவேறியது. மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த ஞுகுனா ண்டுங்குவின் இந்தப் பொறுமை இல்லாவிட்டால் எம்-பெசா தீக்காவிலேயே முடிந்துபோயிருக்கலாம்.

ஒழுங்குமுறை எவ்வளவு தீர்மானமானது என்பதற்கு மற்ற நாடுகளே அளவுகோல். கைபேசிப் பணம் கென்யாவின் கண்டுபிடிப்பன்று. பிலிப்பைன்சில் ஸ்மார்ட் மணி 2001 இலும் ஜிகேஷ் 2004 இலும் வந்துவிட்டன. அண்டை நாடான தான்சானியாவில் எம்-பெசா 2008 இல் சென்று வேரூன்றியது. தென்னாப்பிரிக்காவில் 2010 இல் தொடங்கி 2016 இல் மூடப்பட்டது. அங்கே பெரும்பாலோரிடம் வங்கிக் கணக்கு ஏற்கெனவே இருந்தது, பேரங்காடிகளிலேயே பணம் அனுப்பவும் முடிந்தது. இந்தியாவில் வோடஃபோன் 2013 இல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து எம்-பெசாவைக் கொண்டுவந்து 2019 இல் நிறுத்திக்கொண்டது. ரிசர்வ் வங்கி, வங்கியல்லாத நிறுவனம் பொதுமக்களுக்கு ரொக்கம் திருப்பித் தருவதை எளிதில் விடவில்லை. 2014 இல் ஜன்தன் கணக்குகளைத் திறந்து, 2016 இல் அவற்றின் மீது யுபிஐ என்னும் அமைப்பை ஏற்றிய இந்தியா, வங்கிக் கணக்கிலிருந்து கைபேசிக்கு வந்தது. கென்யா கைபேசியிலிருந்து வங்கிக்குப் போனது.

வீட்டில் நடந்த மாற்றம்

பொருளியலாளர்களான டவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் பல ஆண்டுகள் கென்யக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆய்ந்தனர். நோய், வேலை இழப்பு போன்ற இடி விழும்போது, எம்-பெசா பயன்படுத்தாத குடும்பங்களின் நுகர்வு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது, பயன்படுத்தியவர்களுக்குக் குறையவில்லை. இடருற்ற வேளையில் தொலைவிலுள்ள பலரிடமிருந்து சிறுசிறு தொகைகள் உடனே வந்து சேர்ந்ததே காரணம். 2016 இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அவர்களது கட்டுரை, 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 விழுக்காடு, வறுமையிலிருந்து மீண்டதாக மதிப்பிட்டது. இந்த எண் உலகெங்கும் மேற்கோளாயிற்று. மில்ஃபோர்ட் பேட்மன் உள்ளிட்ட மூவர் 2019 இல் இதனைக் கடுமையாக மறுத்தனர்: தொழில் தொடங்கித் தோற்றவர்களும், கடனில் விழுந்தவர்களும் கணக்கில் வரவில்லை என்பது அவர்கள் வாதம். முதல் முடிவு, உறவினர் உதவியால் இடரைத் தாங்கியது, வலுவானது. இரண்டாவதை அத்தனை உறுதியாகக் கொள்ள இயலாது.

எண்ணில் அடங்காத மாற்றங்களும் உண்டு. ஓல்கா மொராவ்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் கிபேராவிலும் மேற்குக் கென்யாவின் புக்குரா என்ற சிற்றூரிலும் தங்கி மக்களோடு பேசினார். பெண்கள் சிலர், கணவர் அறியாமல் சிறு சேமிப்பை வைத்துக்கொள்ளும் இடமாகக் கைபேசியைக் கண்டனர். ஊரிலிருந்த மனைவியருக்கு வேறு கவலையும் இருந்தது. பணம் தானாக வந்துவிடுவதால் கணவர் ஊருக்கு வருவது குறைந்தது; நகரத்தில் வேறு பெண்ணைச் சேர்த்துக்கொள்வாரோ என்று அஞ்சினர். உறையில் பணம் வந்த காலத்தில் உறையோடு ஆளும் வந்தார்.

வங்கிகள் மீண்டும் வந்த வழி

தடுக்க முடியாததை வங்கிகள் பின்பற்றத் தொடங்கின. 2010 இல் வங்கிகளும் கடைகளை முகவர்களாக நியமிக்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் ஈக்விட்டி வங்கியும் சஃபாரிகாமும் 'எம்-கேஷோ' என்ற கூட்டுக் கணக்கைத் தொடங்கின. வாடிக்கையாளர் யாருடையவர் என்ற போட்டியில் அது நலிந்தது. பிறகு ஈக்விட்டி வங்கி தானே கைபேசிச் சேவை உரிமம் பெற்று, ஏற்கெனவே உள்ள சிம் அட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சிம் ஒன்றைக் கொண்டுவந்தது. கைபேசி நிறுவனம் வங்கியாவதைக் கண்ட வங்கி தானும் கைபேசி நிறுவனமாகிப் பார்த்தது.

இதற்குள் சஃபாரிகாம் தானே அசைக்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. அதன் முகவர்கள் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. போட்டி ஆணையத்தின் தலையீட்டால் 2014 இல்தான் அது நீங்கியது. ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து மற்றொன்றின் கணக்குக்கு நேரே பணம் அனுப்புவது 2018 வரை காத்திருந்தது. சிறு மனிதரின் பணத்துக்குக் கதவடைத்த பல வங்கிகளின் இடத்தில், கதவைத் திறந்து தானே ஒரே வாயிலாக நின்ற ஒரு நிறுவனம் வந்தது. அரசுக்கும் அதில் 35 விழுக்காடு பங்கு இருந்தது. கைபேசிப் பணக் கட்டணத்தின் மீதான கலால் வரியும் 2013 இல் 10 விழுக்காடாகத் தொடங்கி 2018 இல் 12 ஆகவும் 2023 இல் 15 ஆகவும் ஏறியது.

கடன்

2012 நவம்பரில் வந்த 'எம்-ஷ்வாரி' கதையின் போக்கை மாற்றியது. இது சஃபாரிகாமும், பொறுப்பாட்சிப் பணத்தை வைத்திருந்த அதே கமர்சியல் பேங்க் ஆஃப் ஆப்பிரிக்காவும் சேர்ந்து நடத்தியது. படிவம் இல்லை, பிணை இல்லை, மேலாளர் முன் நிற்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் எவ்வளவு பேசினார், எவ்வளவு பணம் அனுப்பினார் என்ற பதிவுகளைக் கணினி பார்த்துக் கடன் அளவை முடிவு செய்தது. முப்பது நாளுக்கு 7.5 விழுக்காடு கட்டணம். வட்டி என்ற சொல் பயன்படுத்தப்படவில்லை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 90 விழுக்காடு ஆகும். தண்டல்காரரிடம் வாங்கும் கடனோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் தண்டல்காரர் ஆளைப் பார்த்துக் கொடுப்பார், இரவு இரண்டு மணிக்குக் கையில் வைத்துத் திணிக்க மாட்டார். 2015 இல் கென்யா கமர்சியல் வங்கியும் இதே வழியில் வந்தது. 2019 சனவரியில் 'ஃபுலிசா' என்னும் மிகைப்பற்று வசதி, கணக்கில் பணம் இல்லாதபோதே செலவழிக்க வழி செய்தது. இவற்றுக்கு அப்பால், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத கடன் செயலிகள் பல முளைத்தன. தவணை தவறியவரின் கைபேசியில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து, உறவினருக்கும் முதலாளிக்கும் பேசி அவமானப்படுத்திய செயலிகளும் அவற்றில் இருந்தன. இத்தகைய கடன் நிறுவனங்கள் மத்திய வங்கியின் உரிமம் பெற வேண்டும் என்ற விதிகள் 2022 இல் வந்தன.

சில நூறு ஷில்லிங் கடனுக்காகவே கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் ஏராளம். அப்படி ஏறியவருக்குப் பிறகு வேறெங்கும் கடன் கிடைப்பது அரிது. 2021 கணக்கெடுப்பில் முறைசார்ந்த நிதிச் சேவையைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 84 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். அடுத்த ஆண்டு நவம்பரில் மத்திய வங்கி அறிவித்த கடன் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் வந்த கைபேசிக் கடன்காரர்கள் 40 லட்சத்துக்கும் மேல். அவர்களது கடனில் குறைந்தது பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு வங்கிகளிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. அதே மாதம் 30 ஆம் நாள், அதிபர் வில்லியம் ரூட்டோ அரசு நிதியிலிருந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் சிறுகடன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 500 ஷில்லிங் முதல் 50,000 ஷில்லிங் வரையான அந்தக் கடனும் கைபேசி வழியேதான் வந்து சேர்ந்தது.